ரேடார் கோபுரத்துக்கு அனுப்பப்பட்டவர்

‘மிஷன்: இம்பாசிபிள்’ படங்களைப் பற்றிப் பேச்செடுக்கும் எவரும், முதல் படத்தில் டாம் குரூஸ் கயிற்றில் தொங்கியபடி ஒரு வெள்ளை அறைக்குள் இறங்கும் காட்சிக்கு வந்து சேராமல் இருப்பதில்லை. எங்கள் வீட்டிலும் 29 ஆண்டுகளாகப் பேச்சு அந்தக் காட்சியைச் சுற்றியே நடந்திருக்கிறது. ஆனால் அது கயிற்றில் தொங்கியவரைப் பற்றிய பேச்சன்று. அந்த அறையில் அன்றாடம் வேலை பார்த்துக்கொண்டிருந்த, படத்தில் சில நிமிடங்களே தலைகாட்டும் வில்லியம் டன்லோ என்ற ஊழியரைப் பற்றிய பேச்சு.

1996-இல் எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு. பம்பாய் மும்பையாகி அதிக நாள் ஆகவில்லை. விக்டோரியா டெர்மினஸும் அந்த ஆண்டுதான் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது. நாங்கள் ஆன்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா ஓர் அலுவலகத்தில் யு.டி.சி. எனப்படும் மேல்நிலை எழுத்தராக, ரெக்கார்ட் ரூமின் பொறுப்பில் இருந்தார். திருநெல்வேலியிலிருந்து தட்டச்சும் சுருக்கெழுத்தும் மட்டும் கற்றுக்கொண்டு வந்தவர் அவர். இந்தி காதால் வந்துவிட்டது என்றும், ஆங்கிலம் படிப்பால் வந்தது பேச்சால் வரவில்லை என்றும் அடிக்கடி சொல்வார். தமிழ்ப் படம் என்றால் கிங்ஸ் சர்க்கிளில் அரோரா இருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆங்கிலப் படத்துக்கு வடாலா ரோடில் ஹார்பர் லைன் ரயிலேறி சி.எஸ்.டி. வரை போக வேண்டும். பேச்சு ஆங்கிலம் பழகட்டும் என்பதற்காக ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை எங்களை அப்படி அழைத்துப் போவார். இந்தப் படத்துக்கும் அப்படித்தான் போனோம்.

கதை எனக்கும் தம்பிக்கும் பாதிதான் புரிந்தது. பிராகில் ஒரு குழு முழுவதும் கொல்லப்படுகிறது, மிஞ்சிய ஒருவர்மீது பழி விழுகிறது, அவர் தம்மை நிரூபிக்க லாங்லியில் உள்ள சி.ஐ.ஏ. தலைமையகத்துக்குள் புகுந்து ஒரு பட்டியலைத் திருடுகிறார் என்பது வரைக்கும் பிடிபட்டது. அதற்குப் பின் வந்த காட்சிக்கு மொழியே தேவைப்படவில்லை. பட்டியல் இருக்கும் கணினி அறைக்குள் நுழைய டன்லோ ஒருவருக்கே உரிமை உண்டு. அவருடைய குரலை இயந்திரம் அடையாளம் காண வேண்டும், ஆறு இலக்க எண்ணை அவர் அழுத்த வேண்டும், விழித்திரையைக் காட்ட வேண்டும், கடைசியில் இரண்டு மின்னணு அட்டைகளைச் செருக வேண்டும். அவர் வெளியேறியதும் அறை தானே விழித்துக்கொள்ளும். கிசுகிசுப்புக்கு மேல் ஒலி எழுந்தாலும், வெப்பம் ஒரு பாகை ஏறினாலும், தரையில் ஒரு துளி பாரம் விழுந்தாலும் மணி அடித்துவிடும். ஆகவே மேல்கூரைக் குழாய் வழியாகக் கயிற்றில் இறங்குகிறார்கள். இயக்குநர் பிரையன் டி பால்மா அங்கே இசையை அறவே நிறுத்திவிட்டார். விசிறிகளின் இரைச்சலும், பின்வரிசையில் வேர்க்கடலைப் பொட்டலம் பிரிபடும் ஓசையும், வெளியே பேருந்துகளின் ஆரனும் இல்லாத ஒரு கணம் மும்பையில் வாய்க்கும் என்று அதுவரை நான் அறிந்ததில்லை. மூக்குக்கண்ணாடியில் வழிந்த வியர்வைத் துளி தரையைத் தொடுமுன் கையுறையில் ஏந்தப்பட்டபோது, அரங்கம் முழுவதும் அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்றாக வெளியே வந்தது.

அந்த நேரமெல்லாம் டன்லோ என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் படம் காட்டுகிறது. அவருடைய காப்பியில் எதையோ கலந்துவிடுகிறார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுக்க ஓடுகிறார், திரும்பி வருகிறார், மறுபடி ஓடுகிறார். கடைசியாக அறைக்குள் வரும்போது, குழாயிலிருந்து ஒருவன் கைதவறி விட்ட கத்தி அவருடைய மேசையில் குத்திட்டு நிற்கிறது. செய்தி மேலிடத்துக்குப் போகிறது. கிட்ரிஜ் என்ற அதிகாரி, அந்த ஆள் இன்று மாலைக்குள் அலாஸ்காவில் ஒரு ரேடார் கோபுரத்தில் இருக்க வேண்டும், துணிமணிகளைத் தபாலில் அனுப்பிவிடுங்கள் என்ற பொருள்பட உத்தரவிடுகிறார். அரங்கம் கைதட்டிச் சிரித்தது. நானும் தம்பியும்கூடச் சிரித்தோம்.

திரும்பும் ரயிலில் மஸ்ஜித் தாண்டும் வரை அப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தவாறே சொன்னார்: “அந்த ஆள் என்னம்மா தப்பு செஞ்சான்? எல்லாக் கதவையும் சரியாத்தானே பூட்டினான்?”

அப்போது அது எனக்கு விசித்திரமான கேள்வியாகப் பட்டது. கதாநாயகன் பிழைத்துவிட்டான், துரோகி யாரென்று தெரிந்துவிட்டது, ஆங்கிலக் கால்வாய்க்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் ரயிலைத் துரத்தி ஒரு ஹெலிகாப்டரே நுழைந்துவிட்டது. அதற்கெல்லாம் பிறகும் இவர் ஏன் அந்தக் குமாஸ்தாவை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணினேன்.

1998-இல் அப்பாவின் ரெக்கார்ட் ரூமிலிருந்து ஒரு கோப்பு காணாமற்போனது. யார் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்பது அன்றும் தெரியவில்லை. பின்னர் தெரிந்ததிலும் ஒரு பகுதிதான் தெளிவானது. சாவி அப்பாவிடம் இருந்தது, ரிஜிஸ்டரில் கையெழுத்து அப்பாவுடையது. அவ்வளவு போதுமானதாக இருந்தது. மெமோ வந்தது. அப்பா நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதினார். நாட்களை, நேரங்களை, அறைக்குள் வந்துபோனவர்களின் பதவிகளை வரிசையாகக் குறித்து, கார்பன் வைத்துத் தாமே தட்டச்சு செய்தார். பதிலைப் படித்தார்களா என்பதே தெரியாத வேகத்தில் மாற்றல் உத்தரவு வந்தது: மேகாலயாவில், ஷில்லாங்கிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஒரு சிற்றூர். வடகிழக்குக்கு அனுப்பப்படுபவர்கள் பழைய ஊரில் இருந்த குடியிருப்பை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்ததால், அம்மாவும் நாங்களும் ஆன்டாப் ஹில்லிலேயே இருந்துகொண்டோம். அந்த விதி இல்லையென்றால் எங்கள் பள்ளிப் படிப்பு என்னவாகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துப் பார்க்கிறேன்.

பெட்டி கட்டும்போது தம்பி கேட்டான்: “அப்பாவும் அந்த ரேடார் ஆள் மாதிரியா?” அம்மா அவனை அதட்டினாள். அப்பா அதட்டவில்லை. கம்பளியை மடித்து வைத்துவிட்டு, “ஆமாடா, ஆனா எனக்குத் துணியை நானே எடுத்துட்டுப் போக விட்டாங்க” என்றார். குவாஹாட்டி வரை ரயிலிலேயே இரண்டு இரவுகளுக்கு மேல் ஆகும். இரண்டு ஆண்டு என்று சொல்லி அனுப்பியது மூன்றாண்டாக நீண்டது.

அந்த மூன்றாண்டுகளின் நடுவில்தான் இரண்டாம் படம் வந்தது. 2000-ஆம் ஆண்டு, ஹாங்காங்கிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போன ஜான் வூ இயக்கியது. அரங்குக்கு அழைத்துப் போக ஆளில்லை. சில மாதங்கள் கழித்து எங்கள் கேபிள்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை ஓடவிட்டபோது பார்த்தோம். யூட்டாவின் செம்பாறைகளில் விரல் நுனியால் தொங்குவதும், புறாக்கள் சிறகடிக்க மெதுவாக நடந்து வருவதும், இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றையொன்று நோக்கிப் பாய்வதும் தம்பியைப் பல நாள் பித்துப்பிடிக்க வைத்தன. எனக்கு இந்த எட்டுப் படங்களில் மிகக் குறைவாகப் பிடித்தது அதுதான். திட்டம் போடுதல், காத்திருத்தல், ஒரு சிறு பிசகு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுமோ என்ற நடுக்கம் ஆகியவைதான் முதல் படத்தின் உயிர். இரண்டாம் படத்தில் அவை இல்லை, ஒரு மனிதரின் அழகு மட்டுமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பா அழைப்பார். கீழ்வீட்டுத் தொலைபேசிக்கு ஓடுவோம். அன்று தம்பி படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே போக, மீட்டர் ஓடுவதைப் பொருட்படுத்தாமல் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “அந்த அலாஸ்கா ஆள் வர்றானா இதுல?” என்று கேட்டார். வரவில்லை என்று தம்பி சொன்னான்.

அந்தப் படங்களின் தொடக்க இசையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்பா இல்லாத அந்த ஆண்டுகளில் அது எங்கள் வீட்டு இசையாகவே இருந்தது. அர்ஜென்டினாவில் பிறந்த லாலோ ஷிஃப்ரின் 1966-இல் இதே பெயரில் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காக அமைத்தது அது. மேற்கத்திய ஜனரஞ்சக இசை நான்கிலும் மூன்றிலும் நடக்க, இது ஐந்தில் நடக்கும். அம்மா குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கேபிளில் அந்த இசை ஒலித்ததும், சமையலறையிலிருந்து வந்து, கையிலிருந்த கரண்டியால் மற்றக் கையில் தட்டிக்கொண்டே, “தகிட தகிட தக தக” என்றாள். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. கூட்டினால் பத்து, ஐந்தின் இரட்டிப்பு. எத்தனையோ மாணவர்கள் தடுமாறும் கண்டம் என்ற ஐந்தெண்ணிக்கை நடையை அதற்குப் பிறகு அவள் இந்த இசையைச் சொல்லித்தான் தொடங்கினாள். அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, தந்தி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியப்பாவின் முன் தம்பி அதை மேசையில் தட்டிக் காட்டினான். அவர் படம் எதையும் பார்த்தவரல்லர். கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, “ரெண்டு கோடு, ரெண்டு புள்ளி. எம், ஐ. யாருடா அனுப்புறா?” என்றார். படத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டில் தட்டினால் அதுவே வரும் என்பதை நாங்கள் அவர் வாயால்தான் அறிந்தோம். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது அவர் இல்லை. 2025 ஜூன் 26 அன்று ஷிஃப்ரின் தமது 93-ஆம் வயதில் காலமான செய்தியைப் படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பெரியப்பாவின் ஆள்காட்டி விரல்தான்.

2001-இல் அப்பா திரும்பி வந்தார். அதே ஆண்டு அந்தக் கோப்பும் திரும்பி வந்தது. வேறொரு பிரிவின் அலமாரியில், வேறொரு கோப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்ததாம். பழைய சக ஊழியர் ஒருவர் வீடு தேடி வந்து சொன்னார். அலுவலகத்திலிருந்து அப்பாவுக்கு ஒரு வரிக் கடிதமும் வரவில்லை. அவரும் கேட்டு எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நான் பல ஆண்டுகள் அவர்மீது கோபமாக இருந்தேன்.

மூன்றாம் படம் 2006-இல் வந்தபோது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்; சொந்தச் சம்பளத்தில், தனியாக, சயானில் பார்த்தேன். ஜே.ஜே. ஏப்ராம்ஸ் இயக்கிய முதல் திரைப்படம் அது. வில்லனாக வந்த பிலிப் சீமோர் ஹாஃப்மன் குரலை உயர்த்தாமல் பேசியே எலும்பைச் சில்லிட வைத்தார். இந்தத் தொடரில் அவருக்கு இணையான வில்லன் வேறு யாருமில்லை என்பது என் உறுதியான கருத்து. டாம் குரூஸ் நடிக்கும் நாயகன் ஈதன் ஹன்ட் கல்யாணம் செய்துகொண்டு சாதாரண மனிதராக வாழ ஆசைப்படுவதும் அந்தப் படத்தில்தான்.

நான்காம் படம் எங்கள் பேட்டைக்கே வந்தது. 2011 டிசம்பரில் டாம் குரூஸ் அனில் கபூருடன் தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு மும்பைக்கும் வந்துபோனார். ஆன்டாப் ஹில்லுக்கு எட்டும் தூரத்தில் இருந்த வடாலா ஐமாக்ஸ் அரங்குக்கு அம்மாவையும் அப்பாவையும் அழைத்துச் சென்றேன். 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவின் கண்ணாடிச் சுவரில் அவர் ஒட்டிக்கொண்டு ஏறியபோது, அம்மா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் படத்தின் கயிறுதான் இங்கேயும். ஆனால் அன்று அறையின் நிசப்தம் அச்சத்தைத் தந்தது, இங்கே காலுக்குக் கீழே விரிந்த வெட்டவெளி தந்தது. அதன்பின் கதை மும்பைக்கு வந்ததும் அரங்கம் ஆர்ப்பரித்தது, சற்று நேரத்தில் அடங்கியும் போனது. எங்கள் சாலை எதுவும் அதில் இல்லை. அந்த மும்பைக் காட்சிகளில் பெரும்பகுதி கனடாவின் வான்கூவரில் எடுக்கப்பட்டவை. நான் ஏமாற்றத்தோடு முணுமுணுத்தபோது அப்பா, “நாம பார்த்த பிராகும் அந்த ஊர்க்காரனுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்” என்றார்.

அதற்குப் பின் கிறிஸ்டஃபர் மெக்குவாரி இயக்குநராக வந்து கடைசி வரை நிலைத்துவிட்டார். 2015-இல் வந்த படத்தில், பறக்கும் ஏ400எம் ராணுவ விமானத்தின் பக்கவாட்டில் நாயகன் தொங்குவதைப் பற்றித்தான் ஊரே பேசியது. நான் பேசியதெல்லாம் ரெபெக்கா ஃபெர்குசன் நடித்த இல்ஸா ஃபௌஸ்டைப் பற்றி. வியன்னா ஓபரா அரங்கின் மேல்தளத்தில், பாடலின் எந்தச் சுரத்தில் சுட வேண்டும் என்று இசைத்தாளில் குறித்துவைத்துக்கொண்டு அவள் காத்திருக்கும் காட்சியில், 1996-இல் தொலைந்துபோன பொறுமை மறுபடி கிடைத்தது. 2018-இல் வந்த படத்துக்காக லண்டனில் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவியபோது டாம் குரூஸின் கணுக்கால் முறிந்தது. முறிந்த காலோடு எழுந்து அவர் ஓடிக் கடக்கும் அந்தக் காட்சியை அப்படியே படத்தில் வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு என் கணவரோடு போய்ப் பார்த்தேன். வலி நடிப்பில்லை என்று தெரிந்துவிட்டால் ஓர் ஓட்டம் எவ்வளவு வேறாகத் தெரிகிறது என்பதை அன்று உணர்ந்தேன். இல்ஸாவை 2023-இல் வெனிஸ் பாலம் ஒன்றில் கொன்றுவிட்டார்கள். கதைக்கு அவசியமில்லாத அந்த மரணத்தை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அப்பா 2016-இல் ஓய்வுபெற்றார். குவார்ட்டர்ஸைக் காலிசெய்து, கல்யாணில் வாங்கியிருந்த சிறு வீட்டுக்குப் போனார்கள். முழங்கால் வலி வந்ததிலிருந்து அவர் அரங்குக்கு வருவது அரிதாகிவிட்டது. ஆனாலும் 2023-இல் வந்த ஏழாம் படத்துக்கு வந்தார். நார்வேயின் மலை விளிம்பிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாயும் காட்சிக்கு அவர் அசையவில்லை. அதற்கு முன்பே, தொடக்கத்தில் ஓர் அதிகாரி இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். 27 ஆண்டுகளுக்குப் பிறகு ஹென்றி செர்னி அதே கிட்ரிஜாகத் திரும்பியிருந்தார். இப்போது பதவியும் உயர்ந்திருந்தது. “அவன்தானே அனுப்புனது?” என்று அப்பா கேட்டார். ஆமென்றேன். “இன்னும் சர்வீஸ்ல இருக்கானா?” என்றவர் படம் முடியும் வரை வேறெதுவும் பேசவில்லை.

எட்டாம் படம் இந்தியாவில் 2025 மே 17 அன்று, அமெரிக்காவுக்கு ஆறு நாள் முன்னதாகவே வெளியானது. டாம் குரூஸுக்கு அப்போது 62 வயது. மத்திய அரசு ஊழியராக இருந்திருந்தால் ஓய்வுபெற்று இரண்டாண்டு ஆகியிருக்கும். அப்பா, தம்பி, நான், ஏழு வயதைத் தாண்டிய என் மகன் என நால்வரும் போனோம். படம் நீளமானது; முதல் ஒரு மணி நேரம் பழைய படங்களின் துண்டுகளைக் காட்டி விளக்கிக்கொண்டே இருந்தது எனக்குச் சலிப்பாகக்கூட இருந்தது. பிறகு குழு பேரிங் கடலில் உள்ள செயின்ட் மாத்யூ தீவுக்குப் போகிறது. பனிக்கு நடுவே ஒரு வீடு. கதவைத் திறந்த கிழவரை நான் அடையாளம் காணுமுன் அப்பா என் முழங்கையைப் பற்றினார்.

டன்லோ. அதே நடிகர் ரோல்ஃப் சாக்சன். 29 ஆண்டுகளும் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். இனூயிட் இனத்துப் பெண்ணான டபீஸாவை மணந்து, நாய்களோடும் கருவிகளோடும் வாழ்ந்திருக்கிறார். உலகமே தேடிக்கொண்டிருக்கும் மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பல் கடலடியில் எங்கே கிடக்கிறது என்ற எண்களை, அந்த மனிதர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். தண்டனையாகக் கொடுத்த வேலையையும் அவர் வேலையாகவே பார்த்திருக்கிறார். பின்னர் ஈதன் ஹன்டைச் சந்திக்கும்போது, மேசையில் குத்திட்டு நின்ற அந்தக் கத்தியை அவரிடம் திருப்பிக் கொடுக்கிறார். அன்று நடந்தது தம் வாழ்க்கைக்கு நல்லதாகவே முடிந்தது, மனைவி கிடைத்தாள் என்கிறார். அதோடு விட்டுவிடாமல் முடிவு வரை அவரையும் அவர் மனைவியையும் குழுவோடு கூட்டிச் செல்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் வானில் நாயகன் இரட்டை இறக்கை விமானத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, கீழே வெடிகுண்டின் முன் நிற்பவர்களில் டன்லோவும் ஒருவர்.

ஒரு தொடர் தன் கதாநாயகனால் வாழ்வு புரண்டுபோன ஒரு சிறு ஊழியரை இத்தனை ஆண்டுகள் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்ததை நான் பெரிய செயலாகவே மதிக்கிறேன். சிரிப்புக்காக எழுதப்பட்ட ஒருவருக்கு முகமும் வீடும் மனைவியும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவரே வந்து நன்றி சொல்லும்படி செய்தது எனக்கு உறுத்தியது. கணக்கு அவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடக் கூடாது. அரங்கத்தை விட்டு வெளியே வந்து, ரிக்‌ஷாவுக்குக் காத்திருந்தபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அவனுக்கு அங்கே போனதால ஒரு பெண்டாட்டி கிடைச்சா. சரி, நல்லதுன்னு சொல்றான். எனக்கு நீங்கல்லாம் இங்கேயில்ல இருந்தீங்க.”

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேகாலயாவின் மூன்றாண்டுகளைப் பற்றி அவர் குறையாக ஒரு சொல் சொல்லி நாங்கள் கேட்டது அதுவே முதல்முறை. அதுவரை அங்கே பெய்யும் மழையைப் பற்றி, கமலா ஆரஞ்சு விலையைப் பற்றி, பக்கத்து வீட்டுக் காசி பழங்குடி இனத்துக் கிழவி தினமும் கொண்டுவந்து கொடுத்த சிவப்புத் தேநீரைப் பற்றி மட்டுமே சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் நான் கேட்கத் துணிந்தேன்: கோப்பு கிடைத்த பிறகு ஏன் எழுதிக் கேட்கவில்லை? அவர் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து பழைய பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து வந்தார். மெமோவுக்கு எழுதிய பதிலின் கார்பன் நகல் நான்கு பக்கங்களும் அதில் இருந்தன. நீல எழுத்து மங்கியிருந்தது. “கேட்க வேண்டியதையெல்லாம் அன்னிக்கே இதுல எழுதிட்டேன். மறுபடி கேட்டா, முதல்ல எழுதினது போதலைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்” என்றார். அந்தப் பக்கங்களை அன்றுதான் முதல்முறையாக முழுவதும் படித்தேன். யார்மீதும் ஒரு குற்றச்சாட்டு இல்லை. எந்த நாள், எத்தனை மணிக்குக் கதவு திறக்கப்பட்டது, எத்தனை மணிக்குப் பூட்டப்பட்டது, சாவி எங்கே வைக்கப்பட்டது என்பது மட்டுமே இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் படத்தைப் பார்க்க வேண்டும் என்று என் மகன் பிடிவாதம் பிடித்தான். வெள்ளை அறையை அவன் துண்டுகளாகத்தான் பார்த்திருந்தான். தொலைக்காட்சியில் போட்டோம். அம்மா தொடக்க இசைக்குத் தொடையில் தாளம் போட்டுவிட்டு உள்ளே போனாள். லாங்லி காட்சி வந்ததும், கயிறு இறங்குவதற்காக மகன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அப்பா என்னிடமிருந்து ரிமோட்டை வாங்கி, கொஞ்சம் பின்னால் ஓட்டி, டன்லோ அறைக்கு வரும் இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டார். அவர் பெயரைச் சொல்கிறார், எண்ணை அழுத்துகிறார், கண்ணைக் காட்டுகிறார், அட்டைகளைச் செருகுகிறார்.

“பாரு,” என்றார் அப்பா பேரனிடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கியவாறு. “ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. ஒண்ணையும் விடலை.”